பொம்மையிடம் பயின்ற தாதியை நம்பலாமா?

உங்களுக்கு ஊசி போட வரும் தாதி, பயிற்சிக் காலத்தில் பாதி நேரம் பொம்மை நோயாளியிடம் பழகியவர் என்றால் நம்புவீங்களா?

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். ஒரே பள்ளியில் அல்ல, 10 தாதிமைப் பள்ளிகளில். முடிவு 2014இல் வெளிவந்தது.

ஏன் 10 பள்ளிகள்?

ஓர் இடத்தில் மட்டும் நல்ல முடிவு வந்தால், அது அங்குள்ள ஆசிரியரின் திறமையாகவும் இருக்கலாமே!

அதனால் எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி தந்தார்கள். மாணவர்களைக் குலுக்கல் முறையில் 3 குழுக்களாகப் பிரித்தார்கள். மருத்துவமனைப் பயிற்சியில் பாதியைப் பாவனைப் பயிற்சியாக மாற்றிய குழுவும் பின்தங்கவில்லை.

அதுக்காக, 'பொம்மையே போதும்'னு நினைச்சிடாதீங்க. தேர்ந்த ஆசிரியர்களும் தரமான வசதிகளும் இருந்த இடங்களில் கிடைத்த முடிவு அது. அவை இல்லாத பள்ளியும் பாதி நேரத்தைக் குறைத்தால், ஆபத்து நோயாளிக்குத்தான்.