எர்த்தைக் கோடையில் அளந்து காட்டுங்கள்

செப்புக் கம்பிக் காலத்தில் தெருமுனை டெலிபோன் பில்லர் பெட்டிக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த 48 வோல்ட்டிலேயே வீட்டுத் தொலைபேசி பேசியது. இன்று சாலையோர இணையக் கருவிப் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் செல்போன் கோபுரத்தடியிலும் 230 வோல்ட் ஓடுகிறது. ஃபைபர் வெறும் கண்ணாடிதானே, அதில் ஏது ஷாக் என்று கேட்கலாம். கண்ணாடியில் இல்லைதான், அதற்கு ஒளி கொடுக்கும் கருவியை வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயைப் புதைத்து, உப்பும் கரியும் கொட்டி, கம்பியை முடுக்கிவிட்டால் எர்த் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காரைக்குடிச் செம்மண்ணில், அதிலும் செம்புறைப் பாறை மேலெழுந்த இடங்களில், இது உயிருக்கு ஆபத்தான எண்ணம். கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 50 ஓம் ஆகிவிட்டதென்று வையுங்கள். பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் மண்ணுக்குள் போவது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி.கூட அதற்கு விழாது. பெட்டி முழுக்க மின்சாரத்தோடு நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இல்லாமல் எந்தச் சாலையோரப் பெட்டிக்கும் மின் இணைப்பு தரக் கூடாது என்கிறோம்.

இடி விஷயத்தில் தவறு வேறு மாதிரி. தொலைபேசிக் கருவிக்கு ஒரு எர்த், மின் இணைப்புக்கு இன்னொன்று, இரண்டும் ஒட்டவே கூடாது என்று சிலர் பிடிவாதமாக நினைக்கிறார்கள். 10,000 ஆம்பியர் மின்னல் 10 ஓம் எர்த்தில் இறங்கினால் அங்கே எழுவது 1 லட்சம் வோல்ட். பக்கத்து எர்த் அப்போது கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கும். அந்த வித்தியாசம் பெட்டிக்குள்தான் பாயும். உள்ளே கைவைத்திருக்கும் ஊழியர் வழியாகவும் பாயும். எல்லா எர்த்துகளையும் தடித்த கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, மின் வரவிலும் செப்பு லைனிலும் இடி தாங்கிக் கருவி பொருத்துவதே சரி.

அடித்த எர்த்தும் அப்படியே இருப்பதில்லை. உப்பு மழையில் கரைந்து போகும். போகுமுன் குழாயை அரித்துவிடும். செப்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் ஈரமண்ணில் இணைத்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். செப்புக் கம்பியைத் திருடிப் போகிறவர்களும் உண்டு. எக்ஸ்சேஞ்சுகளில் 48 வோல்ட்டின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்யும் வழக்கம் வந்ததே, மண்ணுக்குள் கிடக்கும் செப்பை அரிப்பிலிருந்து காக்கத்தான். இந்த அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வேறெங்கோ இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் நம் ஊரிலேயே திறக்கப்பட்டது. செட்டிநாட்டு மண்ணுக்கு எந்த உலோகம், எந்த நிரப்பு மண் நிலைக்கும் என்று அவர்களிடம் கேட்க மாநகராட்சிக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் என்ன தயக்கம்?

மின்சாரம் வழங்குபவர் தன் எர்த் அமைப்புகளை வறண்ட பருவத்தில், மழையில்லாத நாளில், 2 ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகள் சொல்லியிருந்தன. ஐப்பசி மழையில் மண் நனைந்த பிறகு அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எண்ணையே காட்டும். 2017 நவம்பர் மழையில் சென்னை கொடுங்கையூரில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து 2 சிறுமிகள் இறந்தார்கள். அது எர்த் பிழையல்ல. ஆனால் மழைக்கு முன் செய்யாத சோதனையை மழைக்குப் பின் செய்து பயனில்லை என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

தொலைபேசிப் பெட்டி என்றால் மின்வாரியம் நிறுவனத்தைக் காட்டுகிறது, நிறுவனம் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது. காரைக்குடி மாநகராட்சி இதை முடிக்கலாம். ஒவ்வொரு வைகாசியிலும் அளந்த ஓம் கணக்கும் தேதியும் பெட்டியின் கதவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத பெட்டிக்குச் சாலையோர அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பேரூராட்சிகளும் இதே தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும்.