பிள்ளைக்குப் பணம் கொடுத்தோம். கணக்கைக் கற்றுக் கொடுத்தோமா?

அல்லாஹ்வின் அருளால் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரி வாசலை மிதிக்கின்றனர். கட்டணம் கட்டுகிறோம், விடுதியில் சேர்க்கிறோம், மாதம் பிறந்ததும் பணம் அனுப்புகிறோம். "பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, படிப்பை மட்டும் பார்" என்று அன்போடு சொல்லியும் விடுகிறோம். இந்த அன்பு மொழிதான் நம் பிள்ளைகளை வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

எப்படி என்று பார்ப்போம். ஒரு மாணவனின் கைச்செலவுக்கு மாதம் 5,000 ரூபாய் அனுப்புகிறோம். விடுதிச் சாப்பாடு பிடிக்காத நாள்களில் செயலி வழியே 150 ரூபாய்க்கு உணவு வரவழைக்கிறான். மாதம் 12 முறை என்றால் 1,800 ரூபாய். இருபதாம் தேதிக்குள் கை காலி. "அதற்குள் எங்கே போயிற்று?" என்று வாப்பா கேட்பாரே என்ற அச்சத்தில் வீட்டில் வாய் திறப்பதில்லை. அந்த நேரத்தில், "இப்போது வாங்கு, பிறகு செலுத்து" என்று கைப்பேசியே கடனை நீட்டுகிறது.

அடுத்தது தவணை. 24,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 2,300 வீதம் 12 தவணையில் வாங்கினால் கட்டுவது 27,600. அந்த 3,600 என்ன? கடைக்காரர் தாமே ஒரு விலை பேசித் தவணைக்கு விற்பது வேறு. இங்கே பணம் தருவது கடன் நிறுவனம், கூடுதலாக வாங்குவது வட்டி. "வட்டியே இல்லை" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டி, பரிசீலனைக் கட்டணமாகவோ ரொக்கத் தள்ளுபடி மறுக்கப்படுவதாகவோ வேறு உருவில் வந்து சேர்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கணக்கு எழுதுவது கஞ்சனின் வேலை அன்று, மார்க்கம் கற்பித்த ஒழுக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாவல் தேடினார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள்.

"சிறு பிள்ளைகளுக்குக் கஞ்சத்தனம் பழக்கலாமா?" என்பார்கள் சிலர். யாரும் அதைக் கேட்கவில்லை. வீண்விரயமும் இன்றி, உலோபமும் இன்றி, நடுநிலையாகச் செலவிடுவதையே அல்ஃபுர்கான் அத்தியாயம் நல்லடியார்களின் பண்பாகக் கூறுகிறது.

1951 இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை உருவாக்கிய ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகச் சமூகத்தின் பெருமக்கள். கடையடைத்ததும் அன்றைய வரவு செலவைப் பேரேட்டில் எழுதிவிட்டு உறங்கிய தலைமுறை நம்முடையது. அத்தகையோரின் கொடையால் எழுந்த கல்லூரிகளில் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு, நேற்றைய செலவு என்னவென்று தெரியவில்லை.

குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமா? வலீமா விருந்துக்கு நகையை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்கும் வீட்டில், மகனிடம் வட்டி ஹராம் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

ஆகவே பெற்றோர்களே, மாதம் ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள். விசாரணையாக அல்ல, உங்கள் வீட்டு வரவு செலவையும் அவன் முன் வையுங்கள். பணம் வந்தவுடன் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கப் பழக்குங்கள். மாதம் 500 ரூபாய், மூன்றாண்டுகளில் 18,000 ஆகும். தேர்வுக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. தகுதியுள்ள மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு முதல் பட்டதாரி சலுகையும் உண்டு. இவற்றைக் கேட்டுப் பெறுவது இழிவன்று.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். வட்டி பாவம் என்று மிம்பரில் முழங்குகிறோம். 3,000 ரூபாய் அவசரத்துக்கு ஒரு மாணவன் எங்கே போவான் என்று யோசித்தோமா? ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலிலும் மாணவர்களுக்கென்று அழகிய கடனுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்குவது இயலாத காரியமா? வாசலை அடைப்பவர்கள் மாற்று வழியையும் காட்ட வேண்டும்.

பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற கேள்வி மறுமையில் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தக் கணக்குக்கு நம் பிள்ளைகளை இங்கேயே ஆயத்தப்படுத்துவோம். அல்லாஹ் நம் செல்வத்தில் பரக்கத் செய்து, கடனின் சுமையிலிருந்து நம் சந்ததிகளைக் காப்பானாக! ஆமீன்.