உதவித் தொகை என்றால் வாத்தியார் சம்பளம் மட்டும்தானா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர்கள் தெருவில் 15 பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, நவராத்திரிக்கும் தைப்பூசத்துக்கும் கோயில் மண்டபத்தில் கச்சேரி வைக்கிறார்களாம். இந்த வருஷம் செலவு போகக் கொஞ்சம் மிச்சம். அதே தெருவில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகன், 13 வயசு, மிருதங்கம் கற்கிறான். வாத்தியாரே மெச்சுகிற கை. ஆனால் தறி சரியாக ஓடாத காலம். "தாளம் தட்டினா சோறு வருமா? நிறுத்திப் போடு சாமி" என்று அப்பா சொல்லி விட்டாராம். மிச்சப் பணத்தை அந்தப் பையனுக்குக் கொடுப்பதா, அடுத்த தரம் இன்னும் பெரிய வித்வானாகக் கூப்பிடுவதா என்று கூட்டத்தில் இரண்டு கட்சி. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்கிறார்.

நான் பையன் கட்சிதான். பெரிய வித்வானைக் கேட்க கோயமுத்தூருக்கு பஸ் இருக்கிறது. அந்தப் பையனுக்கு உங்கள் தெருவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எங்கள் பேட்டையிலும் இப்படி ஒரு கச்சேரிக் குழு உண்டு. ஒன்பது வருஷமாகக் கணக்கு நோட்டு என் கையில். அதில் கண்டதைச் சொல்கிறேன். உதவித் தொகை என்றதும் எல்லோரும் வாத்தியார் சம்பளத்தை மட்டும் நினைக்கிறார்கள். நல்ல வாத்தியார் பலர் இல்லாத பிள்ளையிடம் சம்பளத்தை விட்டுக் கொடுத்து விடுகிறார்கள். பிள்ளையை நிறுத்துவது மற்ற செலவுதான்.

மிருதங்கத்தையே பாருங்கள். பலா மரத்தில் கடைந்த கட்டை பல வருஷம் உழைக்கும். தோல் அப்படியில்லை. தினமும் சாதகம் செய்கிற பையனுக்கு வலந்தலை சீக்கிரம் தேய்ந்து நாதம் போய் விடும், மாற்றியே ஆக வேண்டும். இடது பக்கம் தொப்பி. அதற்கு மட்டும் நம் சமையலறைச் சரக்கு போதும். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்பி வாசித்து, முடிந்ததும் சுரண்டி எடுத்து விடுவார்கள். (என் பெரியவன் முதல் தடவை பார்த்து விட்டு, "உப்புமா மத்தளமா அம்மா?" என்றான்.) தோல் வேலைக்கு அவ்வளவு கனத்தையும் தூக்கிக் கொண்டு பட்டறைக்குப் போய் வர வேண்டும். பஸ் செலவு, பெரியவர் ஒருத்தருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். வயலின் என்றால் இன்னொரு கதை. சின்னப் பிள்ளைக்கு அரை அளவு, வளர்ந்தால் முக்கால், பிறகு முழுசு. பள்ளிக்கூடச் சட்டை மாதிரி அளவு மாறிக் கொண்டே போகும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி ஓயாத செலவு. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்து கொண்டு, எங்கே இடிக்கிறதோ அங்கே கொடுங்கள்.

பாட்டுக்காரப் பையன்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 13, 14 வயசில் மகரக்கட்டு வரும். குரல்நாண் நீண்டு தடித்து, நேற்று வரை கிளி மாதிரி பாடியவன் இன்று கரகரப்பான். அது நோய் இல்லை, வளர்ச்சி. அந்தச் சமயம் கத்திப் பாடச் சொல்லாமல், சுருதியைத் தணித்து, லேசாகப் பழக விட வேண்டும். நிறையக் கேட்க வைக்கலாம், தாளம் பழக்கலாம். சில இடங்களில் அந்த வருஷம் பார்த்து, "குரல் போயிடுச்சு" என்று தொகையை நிறுத்தி விடுகிறார்கள். வயிறு எரிகிறது. இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் குரல் நிலைத்து விடுமே!

ஊரார் சேர்ந்து இப்படி ஒரு பிள்ளையைத் தூக்கி விட்டதற்கு உலகமறிந்த சாட்சி உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1897-ல் பிறந்த கறுப்பினப் பெண் மரியன் ஆண்டர்சன். சின்ன வயசிலேயே அப்பா போய் விட்டார். அம்மா துணி வெளுத்தும் தரை துடைத்தும் மூன்று பெண்களை வளர்த்தார். ஒரு சங்கீதப் பள்ளி நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அவர்கள் போகும் சர்ச்சின் ஜனங்கள், அவர்களும் வசதிக்காரர்கள் இல்லை, காசு சேர்த்து நல்ல ஆசிரியரிடம் பாட்டுச் சொல்லி வைத்தார்கள். அந்தப் பெண் 1939-ல் வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று பாடியபோது கேட்டவர்கள் 75,000 பேர். 1957-ல் நம் நாட்டுக்கும் வந்து பாடினார். 1941-ல் தமக்குக் கிடைத்த 10,000 டாலர் பரிசை இளம் பாடகர்களுக்கு உதவித் தொகையாக்கி விட்டார்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அதே அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1978-ல் நம் குடும்பங்கள் சில சேர்ந்து தியாகராஜ ஆராதனை தொடங்கின. பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து மேடையும் கொடுத்து, இன்று இந்தியாவுக்கு வெளியே பெரிய கர்நாடக இசை விழாவாக அது வளர்ந்திருக்கிறது.

சர்க்கார் வழியையும் விடக் கூடாது. டெல்லியில் இருக்கும் சி.சி.ஆர்.டி. என்ற கலாசார மையம், 10 முதல் 14 வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இசை, நடனம் முதலான கலைகளுக்கு 1982 முதல் உதவித் தொகை தருகிறது. தேறினால் மேலே படிக்கும்போதும் தொடர வழி உண்டு. பல்லடம் பையனுக்கு 13 வயசு, ஆகையால் தாமதம் கூடாது. படிவம் நிரப்ப அவன் அப்பாவுக்குச் சிரமமாக இருக்கும். படித்த மருமகள் ஒருத்தி உங்கள் தெருவில் இருக்க மாட்டாளா? ஈரோடு, சேலம், கரூரில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்று வருஷப் படிப்பு. மேலே படிக்கக் கோவையில் மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி.

பணத்தைவிட நீங்கள் கொடுக்கக் கூடிய பெரிய விஷயம் மேடை. தைப்பூசக் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் அவனை வாசிக்க வையுங்கள். பாட ஒரு பெண் கிடைத்தால் அவளுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கட்டும். அதற்கும் ஒரு சிறு தொகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வையுங்கள். "சோறு வருமா" என்று கேட்ட அப்பா அதைக் கண்ணால் பார்க்கட்டும். அவருக்கு எந்த ஷிப்டு என்று விசாரித்து விட்டு நேரம் குறியுங்கள். படிப்பும் நிற்காது என்று அவருக்கு உறுதி சொல்லி, பரீட்சை மாதத்தில் பையனைக் கூப்பிடாதீர்கள்.

மைக்கில், "இந்த ஏழைச் சிறுவனுக்கு நமது குழு வழங்கும்..." என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஊரில் அப்படிச் சொல்லக் கேட்டேன். அந்தப் பெண் குழந்தை தலை நிமிராமல் வாங்கிக் கொண்டு போனாள். தோல் மாற்றுகிற காசைப் பட்டறைக்காரரிடமே கட்டி ரசீது வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். பஸ் காசை மாதா மாதம் அவன் அம்மா கையில் கொடுங்கள். மிச்சத்தை ஒரே தடவையில் தீர்த்து விடாமல், இரண்டு வருஷத்துக்கு வருகிற மாதிரி பிரித்து வையுங்கள்.