நீரை விற்றுவிட்டுப் படகுக்குக் கூரை வேய்வோர்

நீர்வழி மரபு குறித்த கருத்தரங்கு எதுவாயினும் அதன் இறுதி அமர்வில் ஒரு புலம்பல் தவறாமல் எழும். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் எழுத்தரும் வார இறுதியில் சேற்றில் இறங்கிக் கால்வாயைத் தூர்வாருகின்றனர். பழைய படகுகளுக்குத் தார் பூசுகின்றனர். கால்வாய் அருங்காட்சியகத்தின் வாயிலில் ஊதியமின்றி நின்று வழிகாட்டுகின்றனர். தமிழருக்கோ, மும்பைவாசிகளுக்கோ, பொதுவில் இந்தியருக்கோ அத்தகைய மரபுணர்வு இல்லை. இதுவே அப்புலம்பலின் சாரம். அரங்கு தலையசைக்கும், தேநீர் வரும், அமர்வு முடியும்.

இக்கூற்றின் முற்பாதி உண்மை. பிற்பாதி வரலாற்றை அறியாமையின் விளைவு. இரண்டையும் சேர்த்துப் பெறப்படும் முடிவோ, அழிக்கப்பட்ட நீர்வழிகளுக்கான பழியை அவற்றின் கரையில் வாழ்ந்தவர் தலையில் சுமத்துகிறது.

முதலில் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளலாம். எல்.டி.சி. ரோல்ட் என்பவரின் 'நேரோ போட்' என்னும் நூல் 1944-இல் வெளிவந்தது. 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தினர் கையிலெடுத்த முதற்கருவி தூரிகையன்று, சட்டம். கால்வாய்களில் படகு செலுத்தும் உரிமை அங்கு நாடாளுமன்றச் சட்டங்களால் நிலைநாட்டப்பட்டிருந்தது. அவ்வுரிமையை நீக்காமல் எந்த நிர்வாகமும் கால்வாயைத் தூர்த்துவிட இயலாது. 1958-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதியைக் கைவிட அனுமதி கோரப்பட்டபோது, அதில் அண்மைக் காலத்தில் எவரும் பயணிக்கவில்லை என்பது காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வழியே சிறு துடுப்புப் படகில் சென்றவர்களிடம் அதற்கான அனுமதிச்சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு கால்வாயைக் காத்தது. தன்னார்வலர் மண்வெட்டியுடன் வந்தது அதன் பின்னரே. அவர்களோடு படைவீரரும் சிறைக்கைதிகளும் உழைத்து, 1964-இல் அக்கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் வணிகத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் உரிய கால்வாய்களைப் பராமரிப்பதை அரசு நிறுவனத்தின் கடமையாக்கியது. 2012-இல் கால்வாய்கள் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டபோதும் 15 ஆண்டுகளுக்கு அரசு நிதி தரும் ஒப்பந்தத்துடனேயே மாற்றப்பட்டன. 2027-க்குப் பிந்தைய நிதி குறையும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டதும், சில கால்வாய்கள் மூடப்படும் நிலை வரலாம் என்று அவ்வறக்கட்டளையே எச்சரித்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர் உள்ள நாட்டின் நிலை இது.

ஆகவே அங்கு நிகழ்ந்தது நல்லுள்ளங்களின் அற்புதமன்று. உரிமை முதலில் இருந்தது. அதைச் சார்ந்து நீர் இருந்தது. நீரைச் சார்ந்து படகு இருந்தது. படகைச் சார்ந்தே தன்னார்வம் வந்தது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, தன்னார்வத்தை முதற்படியாக வைத்துப் பேசுவது அறிவுத்துறையினருக்கு எளிது. எவரையும் பகைத்துக்கொள்ள நேராது.

அந்த ஆங்கிலக் கதையிலும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சிறு அறைகொண்ட படகிலேயே பிறந்து வாழ்ந்த சரக்குப் படகுக் குடும்பங்களைக் கரையில் வாழ்ந்தோர் இழிவாகவே நடத்தினர். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துகிடந்தபின் அவர்களுடைய தொழில் எழவேயில்லை. அவர்கள் படகுச் சுவர்களில் தீட்டிய ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் இன்று அருங்காட்சியகத்தின் அழகுப் பொருள்கள். படகோட்டி இருந்தபோது அவனைத் தொடாத அன்பு, அவன் மறைந்தபின் அவனுடைய வாளியின்மேல் பொழிகிறது. இதை முன்மாதிரியாகக் கொள்வோர் இப்பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கித் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், பின்னர் வடக்கே கிருஷ்ணா கழிமுகப் பகுதி வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டு, சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழியாயிற்று. 1877-78-இல், பெரும் பஞ்சத்தின் நடுவே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. தோண்டியவர்கள் பசித்தவர்கள். கால்வாய்க்குப் பெயரானவரோ பக்கிங்ஹாம் கோமகனாகிய ஆளுநர். உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புச் சிப்பியும் அதன்வழிச் சென்னைக்கு வந்தன. அதே கால்வாயின் படுகையில் பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் ஊன்றப்பட்டன. 1997-இல் திருமயிலை வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடியது. 2008-இல் அக்கால்வாய் 4-ஆம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு கை தூண் ஊன்றியது. மறு கை நீர்வழி என்று முத்திரை குத்தியது. இவ்விரு கைகளும் ஒரே உடலுக்குரியவை என்பதைச் சொல்லாமல் மயிலாப்பூர்க்காரருக்கு மரபுணர்வு இல்லை என்று சொல்வது எவ்வகை ஆய்வு?

ஊதியமற்ற உழைப்பு தமிழ் நிலத்துக்குப் புதியதென்ற எண்ணமும் பிழையானது. 'வெட்டி' என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கிறது. இன்று அச்சொல் வேலையற்றிருப்பதைக் குறிப்பது, உழைப்பைச் சுரண்டியவர்கள் உழைத்தவர்க்குச் செய்த இரண்டாவது அவமதிப்பு. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் பராமரித்த வழக்கம் 'குடிமராமத்து'. அதைத் தண்டனைக்குரிய கடமையாக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட்டது. மண் சுமந்தவர் யார், நீர் பெற்றவர் யார் என்பதைச் சாதியை விலக்கிவிட்டு விளக்க முடியாது. நூற்றாண்டுகள் கூலியின்றிக் கால்வாய் தூர்வாரியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, 'உங்களுக்குத் தன்னார்வம் இல்லை' என்பவர்கள், அச்சொல்லின் எடையை அறியாதவர்கள். தன்னார்வம் என்பது ஓய்வு நேரம் உடையவரின் அறம். தாராவியில் தோல் தைப்பவருக்கு அந்த ஓய்வை யார் விட்டுவைத்தார்கள்?

மும்பைக்கு இதில் தனிப்பாடம் உண்டு. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961-இல் கடற்படையில் சேர்ந்து, 1997 ஜனவரி 31-இல் ஓய்வு பெற்றது. 2001-இல் மும்பைத் துறையில் மிதக்கும் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆர்வலர் இருந்தனர், முன்னாள் வீரர் இருந்தனர், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். 2012-இல் பாதுகாப்புக் காரணங்களால் அது மூடப்பட்டது. பராமரிப்பது நிதிநிலைக்கு ஏற்றதன்று என்று மாநில அரசு கைவிரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம்போன கப்பல் 2014 இறுதியில் தாருகானாவில் உடைபடத் தொடங்கியது. அதன் எஃகின் ஒரு பகுதி 2016-இல் மோட்டார் சைக்கிளாக விற்பனைக்கு வந்தது. 1971 போரின் பெருமையைத் தாங்கிய கப்பலுக்கே கதி இதுவெனில், தாராவிக் கோலிவாடாவின் மரப்படகுக்கு எந்தத் தன்னார்வலர் என்ன செய்துவிட முடியும்?

கோலிவாடா என்ற பெயரே தாராவியைப் பற்றிப் பேசுவோர் பலருக்கு நினைவில் எழுவதில்லை. 1909-ஆம் ஆண்டுப் பம்பாய் கெஸட்டியர் நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. தோல் பதனிடும் தொட்டிகளும், திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழரும், கும்பர்வாடாவின் சூளைகளும் அமைந்த இடம், மித்தி ஆறு மாகிம் கழியில் கலக்குமிடத்தில் மீனவர் வலைவீசிய கரை. 1970-களிலிருந்து சதுப்பைத் தூர்த்துப் பாந்திரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. ஆறு ஒடுங்கியது, கழிவு பெருகியது, மீன் போயிற்று. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, தன் பழைய இடத்தைத் தேடிவந்த ஆற்றை நகரம் 'வெள்ளம்' என்று அழைத்தது.

இன்று தாராவி மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டுவோர்க்கு அங்கேயே வீடு. ஏனையோர் 'தகுதியற்றோர்' என்ற பட்டியலில் வெளியே. அவர்களுக்கென 2024-இல் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. ஒரு காலத்தில் படகில் உப்பு ஏறிய நிலத்தில், படகுக்கரையில் வாழ்ந்தவர்கள் இறக்கிவிடப்படுவர். இத்தகைய திட்டங்களின் முடிவில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு படகும், அருகே ஒரு பெயர்ப்பலகையும், கல்லூரிகளுக்கு 'தன்னார்வலராக இணையுங்கள்' என்ற அழைப்பும் வருவதை உலகின் எத்தனையோ துறைமுக நகரங்கள் கண்டுள்ளன. அந்த அழைப்பு வரும்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் மாணவர் என்ன விடை சொல்வர் என்பதே இப்போதைய கேள்வி.

தன்னார்வமே வீண் என்பது இதன் பொருளன்று. அது எதற்கு முன்னே நிற்கிறது, எதற்குப் பின்னே ஒளிகிறது என்பதே சிக்கல். மொழி பயில்வோர் செய்யத்தக்க பணி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூத்துக்குடித் தோணியின் தலைவன் 'தண்டல்'. கோலிப் படகின் தலைவன் 'தாண்டேல்'. ஆந்திரக் கரையில் 'தண்டேல்'. தமிழின் சுக்கான் மராத்தியில் 'சுகாணூ'. இரண்டுக்கும் மூலம் அரபு. தமிழின் நங்கூரமும் மராத்தியின் 'நாங்கரும்' பாரசீகத்தை நினைவூட்டுவன. நிலத்தில் மொழிச் சண்டை மூட்டுவோர் அறியாத ஓர் உறவை, எழுத்தறியாத படகோட்டிகள் வாயில் சுமந்து வந்துள்ளனர். அருங்காட்சியகப் பதிவேட்டில் 'மரப்படகு. நீளம் இவ்வளவு' என்று எழுதப்படும் கணத்தில், அப்படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பெயர், அதைச் செதுக்கியவன் அறிவு, ஓத நேரக் கணக்கு, காற்றின் பெயர்கள் அனைத்தும் பதிவுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களை ஆராய்ந்து எழுதினார். அவர் சென்னை மாகாண மீன்வளத்துறை அதிகாரி. நூறாண்டு கழித்தும் அப்பெயர்களை அறிய ஒரு காலனிய அதிகாரியின் நூலை நாடவேண்டியிருப்பின், வெட்கப்பட வேண்டியது மீனவச் சமூகமா, பல்கலைக்கழகங்களா?

அருங்காட்சியகம் என்றால் கட்டடம் என்ற எண்ணத்தையும் தாராவியே ஒருமுறை உடைத்துக் காட்டியுள்ளது. 2016-இல் அங்கு உருவான வடிவமைப்பு அருங்காட்சியகம் தெருவில் தள்ளிச் செல்லும் வண்டியாக இருந்தது. அதில் வைக்கப்பட்டவை தாராவியர் அன்றாடம் செய்த பானையும் பிற கைவினைப் பொருள்களுமே. அம்முயற்சியைத் தொடங்கியவர் வெளிநாட்டார் என்பதும், அதன் பயன் எவரைச் சேர்ந்தது என்பதும் விவாதத்துக்குரியவை. எனினும் செய்பவர் உயிரோடிருக்கும்போதே செய்பொருளைக் காட்சிக்கு வைக்கலாம் என்ற ஒன்றை அது நிறுவியது.

ஆகவே, மும்பையில் ஒரு நீர்வழி அருங்காட்சியகம் வேண்டுமென்போர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. கோலிவாடாக்களின் எல்லை வரையறுக்கப்பட்டு மீனவர் பெயரில் பதிவாக வேண்டும். மித்தியின் கழிமுகத்தில் படகு நிறுத்தவும் பழுதுபார்க்கவும் உள்ள இடம் உரிமையாக எழுதப்பட வேண்டும். படகு கட்டும் தச்சருக்கும் பெயர்கள் சொல்லும் முதியவருக்கும் 'தகவலாளி' என்ற பட்டத்துக்குப் பதில் ஆசிரியருக்குரிய ஊதியம் தரப்பட வேண்டும். இவற்றைக் கேட்கத் துணியாத தன்னார்வம், ஆற்றை விழுங்கியவர்களின் விருந்தில் இலை எடுக்கும் வேலை.

மரபுணர்வு இல்லாதவர் யார் என்று அடுத்த கருத்தரங்கில் எவரேனும் கேட்டால், விடையைக் கரையில் தேட வேண்டியதில்லை. ஆற்றைத் தூர்த்து எழுந்த கட்டடங்களின் ஒப்புதல் கோப்புகளில் கையெழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன.