மதிப்புரை என்னும் மறுபாதி

அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலும் நகரின் வேறு சிறு கூடங்களிலும் கவிதைத் தொகுப்புகள் வெளியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் சிறு பதிப்பகங்களின் மெல்லிய நூல்கள். சில நூறு பிரதிகளுக்கு மேல் அச்சாகாதவை. வாழ்த்துரை, பொன்னாடை, ஏற்புரை, கையெழுத்து என்று விழா முடிகிறது. அன்றிரவே படங்கள் முகநூலில் ஏறிவிடுகின்றன, பாராட்டுகள் குவிகின்றன. அதன் பிறகு, அந்தக் கவிதைகள் எப்படி இருக்கின்றன என்று நின்று நிதானித்து இரண்டு பக்கம் எழுத ஆள் இல்லை. இதை நம் காலத்துக்கே உரிய சீரழிவு என்று சொல்லிவிடத் தோன்றும். சற்றே பின்னோக்கிப் பார்த்தால், நமக்கு முந்தியவர்கள் நன்றாக அறிந்திருந்த மௌனம்தான் இது. அதை அவர்கள் எதிர்கொண்ட விதம்தான் வேறு.

ந. பிச்சமூர்த்தி 1934இல் 'மணிக்கொடி'யில் வசன கவிதை எழுதினார். ஆங்காங்கே சிலர் தொடர்ந்தார்கள். பிறகு அந்த முயற்சி ஏறக்குறைய அடங்கியே போயிற்று. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கி, முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் பழைய கவிதையொன்றை மறுபடி அச்சிட்டபோதுதான் இருபத்தைந்து ஆண்டுக்கால இடைவெளிக்குப் பின் அந்தக் குரலுக்கு அடுத்த தலைமுறையின் செவி கிடைத்தது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டுத் தொடங்கிய இதழ் அது. 1962இல் எழுத்து பிரசுரமாக 'புதுக்குரல்கள்' வந்தது: 24 பேரின் 63 கவிதைகள். செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். யாப்பறியாதவர்களின் கிறுக்கல் என்று ஒரு சாரார் ஒதுக்கினார்கள். விரக்தியின் வெளிப்பாடு என்று இடதுசாரி விமரிசகர்கள் சாடினார்கள். விற்பனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிறு வட்டத்துக்குள் நடந்த வாசிப்பு அசாதாரணமானது. ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு அதன் படிமம் எங்கே துலங்குகிறது, எங்கே தளர்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள், மறுப்பு எழுதினார்கள், மறுப்புக்கு மறுப்பும் எழுதினார்கள். பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' தொகுப்புக்கு முன்னுரை எழுதிய செல்லப்பாதான் அதை அச்சிட்டவர், சுமந்து சென்று விற்றவரும் அவரே. பதிப்பாளரும் விமரிசகரும் ஒரே உடம்பில் குடியிருந்த காலம் அது.

'எழுத்து' இதழின் வழியாக வந்த விமரிசகர்தான் வெங்கட் சாமிநாதன். ஹிராகுட், ஜம்மு, டெல்லி என்று வடக்கே அரசுப் பணியில் இருந்தபடி எழுதினார். பாலையும் வாழையும் என்று அவர் முன்வைத்த வாதம் தமிழ்ச் சூழலின் வறட்சியைப் பற்றியது. கோபம் கொண்டவர்கள் ஏராளம். அவருடைய தீர்ப்புகள் பலவற்றை நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஆயினும் அவரிடம் கடிந்துரை வாங்கிய கவிஞனுக்கும் ஒரு நிச்சயம் இருந்தது: தன் வரிகளை ஒருவர் முழுவதுமாகப் படித்திருக்கிறார் என்ற நிச்சயம். இன்றைய பாராட்டு எதுவும் அதைத் தருவதில்லை.

கன்னடத்திலும் இதே கதைதான், ஏறக்குறைய இதே ஆண்டுகளில். கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகரின் 'பூமிகீதா' வந்தது 1959இல். புரியாத கவிதை என்ற குற்றச்சாட்டை நவ்ய கவிகளும், அதாவது கன்னடத்தின் நவீனத்துவக் கவிகளும், எதிர்கொண்டார்கள். அடிகரும் 'சாக்ஷி' என்ற இதழை நடத்தி, கவிதையோடு அதைப் படிக்கும் முறையையும் சேர்த்தே வளர்த்தார்.

இந்த நகரத்துத் தமிழர்களாகிய நமக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. எழுபதுகளின் இறுதியில் விமரிசகர் தமிழவனும் நண்பர்களும் பெங்களூரிலிருந்து 'படிகள்' என்ற சிற்றிதழை நடத்தினார்கள். தமிழகத்துக்கு வெளியே, கன்னட இலக்கியத்தின் விவாதங்களைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டு, இலக்கியக் கோட்பாடு பேசினார்கள். 1982இல் வந்த தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் கிளப்பிய சர்ச்சை சிற்றிதழ்களில் நெடுநாள் ஓயவில்லை. பேராசிரியர் சு. சண்முகசுந்தரத்தின் காவ்யா பதிப்பகமும் இந்நகரில் தொடங்கியதே. பழைய காவ்யா நூல்களின் முகப்புத் தாளைப் புரட்டினால் இந்திரா நகர் முகவரி இருக்கும். இன்று உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் பேர்போன அதே இந்திரா நகர். திருவனந்தபுரத்தில் தனியே வாழ்ந்து, 'கோட் ஸ்டாண்ட் கவிதைகள்' போன்ற சின்னஞ்சிறு நூல்களாகத் தம் கவிதையை வெளியிட்டுவந்த நகுலனின் கவிதைகளைத் திரட்டி 2001இல் ஒரே நூலாக்கியது காவ்யா. அதற்குள் அவர் எண்பது வயதை நெருங்கிவிட்டிருந்தார். பிச்சமூர்த்திக்குக் கால் நூற்றாண்டு, நகுலனுக்கு அதனினும் அதிகம். தாமதம் என்பது நம் கவிதையின் பழைய வழக்கம். அந்த இடைக்காலத்தில் கவிதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் சிற்றிதழ்களில் எழுதிய ஐம்பது நூறு வாசகர்களே. வல்லிக்கண்ணன் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' எழுதி 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்றால், அவர் வரலாறாகத் தொகுப்பதற்கு அந்த வாசகர்களின் சண்டைகளும் மதிப்புரைகளும் அச்சில் கிடந்தன என்பதே காரணம். நம் நாட்களைப் பற்றி ஒருவர் நாளை அப்படி எழுத உட்கார்ந்தால் அவர் கைக்கு என்ன அகப்படும்? விழா அழைப்பிதழ்களும் சில புகைப்படங்களும்தான்.

கவிதை குறைந்துவிடவில்லை. சென்ற சில ஆண்டுகளில் கைக்கு வந்த தொகுப்புகளில் சோர்வூட்டியவை பல. ஆனால் குடிபெயர்ந்தவர்களின் தனிமையையும், மென்பொருள் அலுவலக இரவுகளையும், இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளையும் பற்றித் தமிழில் இதற்கு முன் சொல்லப்படாத விதத்தில் சொன்னவையும் இருந்தன. அறுந்துகிடப்பது மதிப்புரை என்னும் மறுபாதி. வெங்கட் சாமிநாதன் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்ததும் 2015 அக்டோபரில் மறைந்ததும் இந்தப் பெங்களூரில்தான். 'எழுத்து' மேசையிலிருந்து நீண்டு வந்த ஒரு வரிசை நம் தெருக்களுக்குள் வந்து நின்றிருக்கிறது. அதன் வாரிசுகள் நாம் என்று சொல்லிக்கொள்ள உரிமை வேண்டுமானால், அடுத்த வெளியீட்டு விழாவில் வாங்கும் தொகுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை படியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் காரணத்தோடு எழுதி, ஏதாவதொரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள். எழுதியவர் உங்கள் நண்பராக இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.