பிள்ளைகளுக்குக் காவல்! வேலை கேட்பவருக்கு நியாயம்!

சேத்தியாத்தோப்பு கடைத்தெரு. காலை நேரம். நெய்வேலிக்குப் போகும் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிறது. ஒரு தாய் தன் மகளை ஏற்றிவிடுகிறாள். "பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணே" என்கிறாள். வேன் புறப்படுகிறது.

அந்த டிரைவர் எப்படிப்பட்டவர்? தாய்க்குத் தெரியாது. விசாரித்துப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கை வீண்போகக்கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் "போக்சோ" சட்டம், 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அமலுக்கு வந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் புதிய விதிகள் வந்தன. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் ஆகிய இடங்களில் வேலை பார்க்கும் எல்லோரையும் போலீசார் மூலம் விசாரிக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறுகின்றன. வாத்தியார் மட்டும் அல்ல. வாட்ச்மேன், ஆயா, ஒப்பந்தத் தொழிலாளி எல்லோரும் இதில் அடக்கம். ஒரு தடவை விசாரித்தால் போதாது. அவ்வப்போது விசாரிக்க வேண்டும்.

நல்ல விதி. இதில் விட்டுக்கொடுக்க இடம் இல்லை. இங்கிலாந்து நாட்டில், சோகம் என்ற ஊரில், 2002-ம் ஆண்டு 10 வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன், பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன்! அவன் மீது வேறு வட்டாரத்துப் போலீசாரிடம் முன்பே பல புகார்கள் வந்திருந்தன. அந்தச் செய்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நாடே அதிர்ந்தது. சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

மறுபக்கம்

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம்.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே நிலக்கரி நிறுவனம் வாய்க்கால் வெட்டியது. எதிர்ப்பு கிளம்பியது. நெய்வேலியில் போராட்டம் நடந்தது. பலர் கைதானார்கள்.

அப்படி ஒரு போராட்டத்தில் கோஷம் போட்ட ஓர் இளைஞர், பள்ளி வேன் ஓட்ட வேலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீசார் ஏட்டைப் புரட்டுகிறார்கள். "இவர் மீது வழக்கு இருக்கிறது" என்று எழுதி அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடம் என்ன வழக்கு என்று பார்ப்பதில்லை. "வேலை இல்லை" என்று சொல்லிவிடுகிறது. காரணமும் சொல்வதில்லை.

கோஷம் போட்டதற்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் ஊரில் என்ன பேசுவார்கள்? "பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்கவில்லையாம், ஏதோ இருக்கிறது" என்று பேசுவார்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம். போன பெயரை எங்கே தேடுவது?

சுப்ரீம் கோர்ட்டு வகுத்த வழி

2016-ம் ஆண்டு, அவதார் சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புக் கூறியது. வேலைக்கு மனுச் செய்கிறவர் தம் மீது உள்ள வழக்கை மறைக்கக் கூடாது. மறைத்தால் வேலை போகலாம். ஆனால் வேலை கொடுப்பவரும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. என்ன வேலை, என்ன குற்றம், எவ்வளவு பெரியது என்பதை எடைபோட வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்குகளைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று கோர்ட்டே எடுத்துக்காட்டுச் சொல்லியிருக்கிறது.

கொடிய குற்றம் என்றால் கதை வேறு. போதிய சாட்சி இல்லாமல், சந்தேகத்தின் பலனால் ஒருவர் விடுதலை பெற்றிருந்தாலும், அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. இதுவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

தோற்றவர் பெற்றுத் தந்த வெற்றி

இங்கிலாந்தில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் மதிய வேளையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அவர் தம் சொந்த மகனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பழைய குறிப்பு ஒன்று இருந்தது. போலீசார் அதைச் சான்றிதழில் எழுதினார்கள். வேலை போயிற்று. அவர் கோர்ட்டுக்குப் போனார்.

2009-ம் ஆண்டு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. குறிப்பு உண்மையானது, வேலைக்குச் சம்பந்தம் உள்ளது. ஆகவே அவர் தோற்றார். ஆனால் நீதிபதிகள் அதோடு நிற்கவில்லை. குழந்தையின் பாதுகாப்பு ஒரு தட்டு; மனிதரின் மானம் மறு தட்டு. இரண்டையும் சமமாக எடைபோட வேண்டும். சந்தேகம் இருந்தால், எழுதுவதற்கு முன்பு சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் தோற்றார். பின்னால் வருகிறவர்களுக்கு நியாயம் கிடைத்தது!

நமக்கு வேண்டியது

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை பார்க்க அனுமதி வாங்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். முன்பு, அனுமதி மறுக்கப்பட்டவர் 28 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிட வழி இருந்தது. குற்றம் எவ்வளவு கொடியது, நடந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, அதன்பின் அவர் எப்படி நடந்துகொண்டார், மறுபடியும் செய்வாரா என்றெல்லாம் தீர்ப்பாயம் பார்த்தது. மிகக் கொடிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

நம் நாட்டில் அப்படித் தனித் தீர்ப்பாயம் இல்லை. அரசு வேலை என்றால் ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாம். தனியார் பள்ளியில் வேலை கேட்ட ஏழைக்கு அந்த வழி எளிதல்ல.

ஆகவே நாம் சொல்வது இதுதான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவு செய்யும் முன்பு அவர் தரப்பைக் கேட்க வேண்டும். முறையிட மாவட்டத்துக்கு ஒரு குழு வேண்டும். முறையீடு முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. தவறு நேர்ந்தால் வேலை கேட்டவர் சில வாரம் பொறுக்கலாம். குழந்தை ஒரு நாளும் பொறுக்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போலீஸ் ஏட்டில் பெயர் இல்லாதவர் எல்லாம் உத்தமர் அல்ல. அகப்படாதவன் பெயர் ஏட்டில் இராது. ஆகவே சான்றிதழை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மாலையில் பிள்ளை வந்ததும் பக்கத்தில் உட்காருங்கள். பேசவிடுங்கள். "வேனில் போகமாட்டேன்" என்று அழுதால் அதட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நியாயம் மறுக்கப்பட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஏழைகள் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும்.

வேனில் ஏறும் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். குற்றமற்ற டிரைவர் தலைநிமிர்ந்து வேன் ஓட்ட வேண்டும். இரண்டும் நடக்கும்படி செய்வதே நல்ல சட்டம்!