பட்ட மரத்தைக் காட்டிலேயே ஏன் விடணும்? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் சொல்லும் வண்டுக் கணக்கு

ராஜபாளையத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் வண்டு என்று சொன்னாலே முகம் மாறும். குருத்தைக் குடைந்து தென்னையைச் சாய்க்கும் காண்டாமிருக வண்டு செய்த வேலை அது. எருக்குழியிலும், மட்கிக் கிடக்கும் தென்னந்தடியிலும்தான் அது முட்டையிட்டுப் பெருகுகிறது. அதனால், பட்டுப்போன தென்னையை உடனே அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள் வேளாண் வல்லுநர்கள். தோப்புக்கு அது ரொம்பச் சரி.

ஆனால், மேற்கே அய்யனார் கோயில் காட்டுக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கோ போனால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே பட்ட மரம் குப்பை அல்ல, குடியிருப்பு.

உள்ளே யார் இருக்காங்க?

மரம் பட்டதும் முதலில் வருபவை நீண்ட உணர்கொம்பு கொண்ட வண்டுகள். பட்டை இடுக்கில் முட்டையிடும். புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து வளரும். சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்தோமே பொன்வண்டு, அதன் உறவுக்கார இனங்கள் பலவற்றின் புழுக்களும் மரத்துக்குள் வளர்பவைதான். சில வருஷம் கழித்து, தடி மட்கி மெத்தென்று ஆனதும் வேறு கூட்டம் வரும். பெற்றோரும் புழுக்களும் ஒரே தடிக்குள் கூட்டுக்குடும்பமாக வாழும் கறுப்பு வண்டுகள்கூட உண்டு.

ஒரே மரம் போதாதா?

போதாது. ஒவ்வொரு மரத்தின் பட்டையும் பாலும் பிசினும் வேறு. அந்த ரசாயனத்தைச் சமாளிக்கத் தெரிந்த வண்டுதான் அதில் பிழைக்கும். குறிப்பாக, புதிதாகப் பட்ட மரத்துக்கு வரும் வண்டுகளில் பல, குறிப்பிட்ட மரங்களைத் தவிர வேறெதையும் தொடாது.

ஜெர்மனியில் 2009-ல் 13 வகை மரங்களின் தடிகளைக் காடுகளில் போட்டு ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். மரத்துக்கு மரம் வந்து சேர்ந்த வண்டுக் கூட்டம் மாறியது. எவ்வளவு தடி கிடக்கிறது என்பதைப் போலவே, எத்தனை வகைத் தடி கிடக்கிறது என்பதும் முக்கியம் என்பதே அதன் பாடம்.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஓடைக்கரையில் மருது, நாவல், மா, புளி என்று கலந்து நிற்கும் காடு, பல வகை வண்டுகளுக்குப் பல வீடு. வரிசையாகத் தேக்கு மட்டும் நட்ட தோட்டம், ஒரே மாதிரி வீடு. அதிலும் தேக்கின் வைரப் பகுதி எளிதில் மட்காது.

வண்டு இல்லேன்னா என்ன குறைஞ்சுடும்?

மரங்கொத்திக்குச் சாப்பாடு குறையும். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் குடியேறும் மைனாவுக்கும் சிறு ஆந்தைக்கும் வீடு குறையும். மரத்தில் சேர்ந்த சத்து மண்ணுக்குத் திரும்புவதும் தாமதமாகும். உலகம் முழுக்க 55 காடுகளில் நடந்து, 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வின்படி, பட்ட மரங்கள் மட்கும்போது ஆண்டுக்குச் சுமார் 1,090 கோடி டன் கார்பன் வெளியாகிறது. அதில் 29 சதவீதம் பூச்சிகளின் பங்கு. காற்றுக்கும் மண்ணுக்கும் போகும் இந்தக் கார்பன் கணக்கில் இவ்வளவு பெரிய பங்கு வைத்திருப்பவை, காட்டைப் பற்றிப் பேசும்போது கண்ணில்கூடப் படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களிலிருந்து பட்ட மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் அகற்ற உத்தரவிடக் கூடாது என்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரி 14-ல் தடை விதித்தது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆக, காப்பகத்துக்குள் விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

கேள்வி, காப்பகத்துக்கு வெளியே நாம் உருவாக்கும் காடுகளைப் பற்றியது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது. நல்ல இலக்கு. ஆனால், எத்தனை கன்று நட்டோம் என்பதோடு எத்தனை இனம் நட்டோம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த இடத்துக்கு உரிய மரங்களைக் கலந்து நட வேண்டும். அவை வளர்ந்து பட்ட பிறகு, சிலவற்றையாவது அப்படியே விட வேண்டும்.

காட்டுத்தீ பயம் நியாயமானதே. தீத்தடுப்புக் கோடுகளிலும் மக்கள் நடக்கும் பாதையிலும் கிடப்பதை ஒதுக்கலாம். அடுப்புக்கு விறகை நம்பியிருக்கும் மலையடிவாரக் குடும்பங்களைக் குற்றவாளியாக்கியும் பயனில்லை. அவர்களுக்குக் கேஸ் சிலிண்டர் தடையில்லாமல் கிடைக்கச் செய்வதும் காட்டைக் காக்கும் வேலைதான்.

தோப்பைச் சுத்தமாக வைப்போம். காட்டைக் காடாக விடுவோம். இரண்டுக்கும் ஒரே துடைப்பம் ஆகாது.